மச்சான் மாட்டிய இன்ஜின்

மச்சானின் மெக்கானிக் பட்டறையில், அவன் கை பானெட்டுக்குள் இருந்தபோது ஆக்சிலேட்டரை மிதித்தது நான்தான். புகை எப்போது கிளம்புகிறது என்று பார்க்க அவன்தான் மிதிக்கச் சொன்னான். "போதும், விடுங்க மாமா" என்றான். என் செருப்பு பெடலுக்கடியில் சிக்கிக்கொண்டது. உருவுகிற அவசரத்தில் இன்னும் அழுத்திவிட்டேன். ஓர் அலறல். ஃபேன் பெல்ட் அவன் சுண்டுவிரல் நகத்தை வேரோடு பிடுங்கியிருந்தது.

இறங்கிப் போய், "பெருசா ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்டேன். இப்படிக் கேட்பதற்கென்றே பிறந்தவன் நான்.

அவன் வீல் ஸ்பேனரை எடுத்தான்.

என் மனைவியின் தம்பி மரியாதை தெரிந்தவன். "ஓடாதீங்க மாமா, நில்லுங்க" என்று சொல்லித்தான் தோளில் இறக்கினான். டயர் அடுக்கோடு சரிந்து விழுந்தேன்.

வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். பழைய இன்ஜின் செத்துப்போனதும், விபத்தில் நொறுங்கிய வேறொரு காரின் இன்ஜினை மச்சான் எடுத்து மாட்டிக்கொடுத்தான். அன்றிலிருந்து ஆயில் மாயமாகிறது. தரையில் ஒரு சொட்டு கிடையாது, ரேடியேட்டர் தண்ணீரிலும் கிடையாது. காலையில் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவினால் நுனி மட்டும் நனைந்திருக்கும். ஊற்றுவேன். கொஞ்ச தூரத்தில் நீலப்புகை. ஏறியவர்கள் இருமிக்கொண்டே இறங்கிவிடுவார்கள். இப்படியே போனால் பிழைப்பு நாறிவிடும். பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கிற இன்ஜினைத் தெரிந்தே என் தலையில் கட்டினானா? கேட்டால், "நீங்க ஓட்டுற அழகு அப்படி" என்பான்.

"தெரிஞ்சுதானடா மாட்டுன?" விழுந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

"விரல பிச்சுட்டு கேள்வி வேறயா!" ஸ்பேனர் என் ஹெட்லைட்டைச் சில்லுச்சில்லாக்கியது.

கைக்குக் கிடைத்ததை வீசினேன். சுற்றிலும் அத்தனை இரும்பு கிடக்க, எனக்கு வாய்த்தது காகித ஏர் ஃபில்டர். அவன் நெஞ்சில் பட்டுத் தூசி பறந்தது. வெட்கத்தில் எழுந்து ஓடித் தலையால் அவன் வயிற்றில் முட்டினேன். அவன் முழங்கை என் வாயைப் பதம் பார்த்தது. முன்பல் ஆடியது, துப்பினால் ரத்தம்.

சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி வாசலில் நின்றாள். "கண்ணுல குத்திக்காதீங்க. ரெண்டு பேருக்கும் பொழப்பு இருக்கு."

"இன்ஜின கழட்டு! வேற மெக்கானிக் பாக்கட்டும்!" என்று அவனிடம் கத்தினேன்.

"கழட்டிட்டா போச்சு!" ரத்தம் வடியும் கையோடு காருக்கடியில் நுழைந்து, ஆயில் போல்ட்டைத் திருகி எறிந்தான்.

சூடான ஆயில் கொட்டியது. கீழே கிடந்த தட்டு நிரம்பியது. மனைவி வாளியை நகர்த்தினாள். நாலு லிட்டர் பிடிக்கும் இன்ஜின் ஆறைத் தாண்டியும் கொட்டிக்கொண்டே இருந்தது. குடிகாரன் என்று நான் பழி போட்ட இன்ஜின், வாய்வரை ஊட்டப்பட்ட குழந்தையாகக் கக்கியது.

மச்சான் வெளியே வந்து டிப்ஸ்டிக்கை உருவினான். இன்ஜின் பக்கவாட்டில் வைத்து அளந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"இவ்ளோ ஆயில் இருந்தா, காத்து போற ப்ரீதர் ஓஸ் வழியா ஏறிப் போய் எரியத்தான் செய்யும். புகை அதான்."

"அப்புறம் ஏன் கொறைவா காட்டுது?"

அவன் கீழே போட்டிருந்த ஸ்பேனர் இப்போது என் கையில் இருந்தது. ஓங்கினேன். "ஏமாத்துனியா இல்லியா? அத மட்டும் சொல்லுடா!"

அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

"ஏமாத்தல மாமா. இந்த இன்ஜின் டிப்ஸ்டிக் இல்லாம வந்துச்சு. உங்க பழசுல இருந்தத சொருகுனேன், சரியா உக்காந்துச்சு. நீளம் பாக்கல. இது கட்டை. ஆயில் நெறைய இருந்தாலும் நுனிதான் நனையும். இன்ஜின் நல்லாருக்கு. தப்பு என்னுது."