குடிக்காதவனின் ஈரல்

முரளிதரனின் கண் மஞ்சளானது ஆடி மாதம். ஆவணி பிறப்பதற்குள் புத்தூர் வட்டாரத்தில் ஐந்து லட்சம் பேர் அவன் குடிக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அங்கே அவ்வளவு பேர் இல்லையே என்று கேட்காதீர்கள், மாடுகளும் சேர்த்திதான். மாங்கூழ் கம்பெனியில் சூப்பர்வைசர், வயது நாற்பத்திரண்டு, இருமல் மருந்தைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறவன். ஆனால் அவனைப் பெற்ற நைனா குடித்துச் செத்தவர். ஊருக்கு அது போதாதா?

மனைவி சுலோசனா தினமும் வாசலிலேயே நிறுத்தி அவன் வாயை மோந்து பார்த்தாள். ஒன்றும் நாறாதது சந்தேகத்தை இன்னும் பெருக்கியது.

"திருப்பதியில ஸ்கேன் படம் எடுக்கட்டும். குடிதான்னு வந்துச்சின்னா பசங்கள இட்டுக்கினு சத்தியவேட்டுல எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

ஈரலையும் பித்தக் குழாய்களையும் எம்.ஆர்.ஐ.யில் படம் எடுக்க ஆறு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அவள் டோக்கன் வரிசையில் நின்ற நேரம் பார்த்து, பக்கத்து நாற்காலிக்காரர், சந்தனம் காயாத புது மொட்டை, லட்டு கவரைப் பிரித்து நீட்டினார். மலையிலிருந்து இறங்கி வந்ததை வேண்டாமென்று சொல்ல எவனுக்கு நாக்கு எழும்? முரளிதரன் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டான். தேங்காய் அளவு லட்டு. மேலே அரை பாட்டில் தண்ணீர். அவன் வீட்டில் சனிக்கிழமை விரதத்துக்கே பிரசாதம் சாப்பாட்டில் சேராது. அதனால் படம் எடுக்கிற ஹரிதா கேட்டபோது, "எதுவும் துன்னல" என்றான். பொய் சொன்ன உறுத்தல் கடுகளவும் இல்லை.

தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்ததால் சுலோசனா உள்ளே போக முடியவில்லை. ஹரிதா அவளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தன்னருகே உட்கார வைத்தாள்.

அந்தப் பக்கம், குழாய்க்குள், முரளிதரன். வயிற்றின் மேல் படம் பிடிக்கும் தட்டை வைத்துக் கட்டியாகிவிட்டது. காதில் ஹெட்போன். மூக்குக்கும் கூரைக்கும் நடுவே ஒரு அப்பளம் நுழையாது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தகரம் தட்டினார்கள். தெலுங்கில் ஒரு குரல் மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, காளஹஸ்தி வரை போய்த் தரிசனம் முடித்துத் திரும்பி வந்த பிறகுதான் விடச் சொன்னது. முடியாவிட்டால் அமுக்கச் சொல்லிக் கையில் ரப்பர் பந்து ஒன்று கொடுத்திருந்தார்கள். அமுக்கினால் அவள் என்ன சொல்வாள்? சரக்கு கிடைக்காத நடுக்கம் என்பாள். அவன் அமுக்கவில்லை. வேர்வை காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை வரவில்லை.

தட்டல் நின்றது.

"அண்ணா, வயித்துல என்னமோ நெறைய தெரியுது. பித்தப்பையும் சுருங்கிக்கினு கீது. எதுனா உள்ள போச்சா?" ஹரிதாவின் குரல்.

பின்னாலேயே சுலோசனா. "நான் சொல்லல பாப்பா? பஸ் ஸ்டாண்டுல பத்து நிமிசம் ஆளக் காணோம். படத்துலயே மாட்டிக்கினாரு பாரு."

திரும்ப முடியாது. எழுந்திருக்க முடியாது. முகத்தைக்கூட மறைக்க முடியாது. "லட்டு" என்றான் முரளிதரன் கூரையைப் பார்த்து.

"இன்னா லட்டு?"

"பெருமாள் பிரசாதம். ஒரு மொட்ட குட்தாரு."

"எவ்ளோ துன்ன?"

"முழுசா."

"எனக்கு ஒரு கிள்ளு எட்து வெக்கலியே நீ" என்றாள் சுலோசனா. ஹரிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி வரச் சொன்னாள்.

சுலோசனா சும்மா விடுவாளா? சாட்சி தேடி ஹாலுக்குப் போனாள். அங்கே அறுபது மொட்டைகள். அதில் பதினோரு பேர் நான்தான் கொடுத்தேன் என்று சத்தியம் செய்து அவளுக்கும் ஆளுக்கொரு துண்டு நீட்டினார்கள். அவள் மூஞ்சி தெளியவில்லை.

ஐந்து மணிக்கு மறுபடியும் அதே தட்டு, அதே தகரம், அதே காளஹஸ்தி யாத்திரை.

முடிந்ததும் டாக்டர் பத்மினி இருவரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். கறுப்பில் வெள்ளையாக ஒரு மரம். அதன் கிளைகள் ஓரிடத்தில் சுருங்கி, அடுத்த இடத்தில் உப்பி, கோத்த மணி போல இருந்தன.

"இது பித்தக் குழாய். நல்லா இருந்தா வழவழன்னு இருக்கும். இங்க வீக்கம் வந்து தழும்பாகி இறுகிப் போயிருக்கு. குடிச்சா இப்படி ஆகாது. பெரிய டாக்டர் உறுதி பண்ணுவார். ஆனா இது இவர் செஞ்ச தப்பு இல்லம்மா."

முரளிதரன் அந்த நிமிடம் கோபுர உயரம் வளர்ந்தான். "ஊருக்குக் காட்டணும், கொஞ்சம் எழுதிக் குடுங்க டாக்டரம்மா" என்றான்.

சுலோசனா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மருந்து குட்தா நின்னுடுமா?"

"அரிப்பு, காய்ச்சல் வந்தா மருந்து இருக்கு. இதை நிறுத்தற மருந்து இன்னும் வரல. மெதுவா போகலாம். வருஷா வருஷம் இப்படிப் படம் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கணும். ரொம்ப முத்திட்டா ஈரலையே மாத்த வேண்டி வரும்."

வளர்ந்த உயரமெல்லாம் இறங்கி அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். சுலோசனா அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ குட்சிக்கினே இருந்திருக்கலாம்யா" என்றாள் மெதுவாக. "நிறுத்துன்னு சண்டையாவது போட்டிருப்பேன்."

டாக்டர் அடுத்த படத்துக்குத் தேதி எழுதிக்கொண்டிருந்தார்.