தோசைமாவுக்குப் பக்கத்தில் ஒரு வாளி

சனிக்கிழமை மாலை ஆறு மணி தாண்டினால் ஒஸ்லோவில் எந்தக் கடையும் பியர் விற்காது. ஸ்ரீஸ்கந்தராசாவோ சனிக்கிழமைகளில் ஏழு மணிக்குப் பிறகுதான் ரொம்சோஸிலிருந்து கிளம்பி வருவார். முன்கூட்டியே வாங்கி வைக்க அருட்செல்வத்துக்கு ஒருநாளும் ஞாபகம் வராது. வந்த சிநேகிதனை வெறும் தேத்தண்ணீரோடு அனுப்ப மனம் இல்லாமல்தான் புருசெத்தில் இருக்கும் தன் வீட்டிலேயே பியர் தயாரிக்கத் தொடங்கினார். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முளைகட்டிய பார்லியில் காய்ச்சிய மால்ட் பாகு அடைத்த டின்னும், அதைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் பொட்டலமும் பெட்டியாகக் கிடைக்கும். பாகைச் சுடுநீரில் கரைத்து, சீனி கொட்டி, வாளியைத் தண்ணீரால் நிரப்பி, ஈஸ்டைத் தூவி மூடிவிட்டால் மிச்சத்தை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும் என்று அவர் நம்பினார்.

இருவரும் அகதிகளாக வந்த புதிதில் ஒரே அறையில் ஒரே போர்வையை இழுபறிப்பட்டுப் படுத்தவர்கள். அருட்செல்வம் ஊற்றிக் கொடுப்பார். ஸ்ரீஸ்கந்தராசா ஒரு மிடறு விழுங்கி, "நல்லா இருக்கு மச்சான்" என்பார். அதைக் கேட்டு இவர் உச்சி குளிர்ந்துபோவார்.

அப்படி வந்துகொண்டிருந்த மனிதர் திடீரென்று வராமல் நின்றுவிட்டார். ஒரு வாரம் முழங்கால் வலி என்றார், மறுவாரம் வேலை என்றார், பிறகு பனி வழுக்குகிறது என்றார். முப்பது வருடமாக வழுக்காத பனி. அருட்செல்வத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவன் மகள் கம்சிகாவின் கலியாணத்தில் சாப்பாடு பிந்தியதைப் பகிடி பண்ணினோமே, அதை மனதில் வைத்துக்கொண்டானோ என்று தன் வாயைத் தானே நொந்துகொண்டு திரிந்தார். இருக்கிற ஒரு சிநேகிதனும் போய்விட்டால் பிறகு யாரிடம் போய்க் கதைப்பது?

காரணம் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில், செருப்புக் கடை வாசலில் கிடைத்தது. எதிரே வந்த ஸ்ரீஸ்கந்தராசாவின் மனைவி சத்தியபாமாவை மறித்து, என்னில் அவனுக்கு என்ன கோபம் என்று நேராகவே கேட்டுவிட்டார். பாமா கொஞ்ச நேரம் பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றார்.

"ஒரு கோவமும் இல்லை அண்ணை. உங்கடை பியரைக் குடிச்சா அடுத்த நாள் முழுக்கத் தலையைப் பிடிச்சுக்கொண்டு படுத்திருக்கிறார். உங்களிட்டை அதை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல்தான் வராமல் நிக்கிறார்."

நண்பனுக்குக் கோபம் இல்லை என்றதும் வந்த நிம்மதி, பஸ் ஏறும்வரைகூட நிற்கவில்லை. பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை சனிக்கிழமை சொன்ன "நல்லா இருக்கு" எல்லாம் பொய்யா?

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைத் திறந்தார். வெளியே பனி கொட்டினாலும், அடியில் மின்கம்பி ஓடுவதால் அந்தத் தரை மட்டும் சூடாகவே இருக்கும். மாரிகாலத்தில் மனைவி உதயகுமாரி தோசைமாவைப் புளிக்க வைக்கிற இடம் அது. புளிக்கிற சாமான் எல்லாம் ஒரு சாதிதானே என்று இவரும் வாளியை அந்தப் பானைக்குப் பக்கத்தில் குந்த வைத்திருந்தார். தொட்டுப் பார்த்தார். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுட்டது. பெட்டிக்குள் இருந்த தாளை அன்றுதான் முதன்முதலாக விரித்து வாசித்தார். குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும், சூடு ஏறினால் நெடியும் காரமும் வரும், குடித்தால் தலையிடிக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மாவு ஒரே இரவில் பொங்கவேணும், உங்கடை சாமானுக்கு அப்படி என்ன அவசரம் என்று உதயகுமாரி கேட்டார்.

வாளியில் இருந்ததை அப்படியே ஊற்றிக் கவிழ்த்தார். புதிதாகக் கரைத்தபோது, தாளில் எழுதியிருந்தபடி, சீனியைத் தொடவில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு டின் வெறும் மால்ட் பாகு சேர்த்தார். வாளியை மாடிக்கட்டடத்தின் நிலவறைக்குக் கொண்டுபோய் வைத்தார். அங்கே குளிரில் அது நுரைக்க நாள்கணக்கில் எடுத்தது. இறங்கி இறங்கிப் பார்த்தாரே தவிர, மேலே தூக்கி வரவில்லை. போத்தலில் அடைத்த பிறகும் வாரக்கணக்கில் பொறுத்திருந்தார். பொறுமை அவருடைய குணமே இல்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை போத்தல்களைத் துவாயில் சுற்றிக்கொண்டு ரொம்சோஸுக்குப் போனார். கதவைத் திறந்த ஸ்ரீஸ்கந்தராசாவின் முகம், போத்தலைக் கண்டதும் மருந்து குடிக்கப்போகிற பிள்ளையின் முகமாகிவிட்டது. இத்தனை நாளும் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்ததில் இந்த முகத்தை அருட்செல்வம் கவனித்ததே இல்லை.

ஊற்றினார். ஸ்ரீஸ்கந்தராசா ஒரு மிடறு விழுங்கினார்.

"நல்லா இருக்கு மச்சான்."

அதே சொல், அதே குரல். இதில் எது பொய், எது மெய் என்று இனி எப்படிக் கண்டுபிடிப்பது?

"பாமா எல்லாம் சொல்லிப்போட்டா," என்றார் அருட்செல்வம்.

ஸ்ரீஸ்கந்தராசா தலை குனிந்தார். பிறகு கிளாஸை எடுத்து, இந்த முறை அவசரப்படாமல், வாயில் வைத்திருந்து விழுங்கினார்.

"கசப்புக் காணாது. இனிப்புத் தூக்குது."

அருட்செல்வம் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டார். வேறு என்ன பிழை என்று கேட்டார். அடியில் கிடக்கிற மண்டியையும் சேர்த்து ஊற்றுகிறாய், அதுதான் கலங்கல் என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. மற்றபடி இதைக் குடிக்கலாம், முந்தினது நஞ்சு என்றார்.

"நஞ்செண்டு தெரிஞ்சுமோ இவ்வளவு நாளும் குடிச்சனீ?"

"நீ ஊத்தினனீ. நான் குடிச்சனான்."

அருட்செல்வத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அடுத்த போத்தலை எடுத்துத் திறந்தவர், மண்டி அசையாமல், மெல்லச் சரித்து ஊற்றினார்.