ஃபேனின் அழகான பக்கம்

மனித நாகரிகத்தின் வரலாறு என்பது, உற்றுப் பார்த்தால், வெப்பத்தை அடக்கி ஆண்ட வரலாறுதான். நெருப்பை மூட்டியவன் மனிதனானான். அந்த நெருப்பை ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடைத்து, தன்னை இழுத்துப்போகச் சொன்னவன் மாமனிதனானான். இந்த உயர்ந்த கருத்தை, பிஸ்டன் என்று எல்லோரும் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறவன் தன் அக்காவிடம் எடுத்துரைத்தபோது அவனுடைய கார் புறவழிச்சாலை ஓரத்தில் போனட்டைத் திறந்துபோட்டுக்கொண்டு குக்கரைப் போல ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அடக்கி ஆண்டது போதும். ஆறினதும் தண்ணிய ஊத்து" என்றாள் அக்கா.

அவனுடைய கார் என்பதும் முழு உண்மையில்லை. கார் அப்பாவுடையது. கதவுக் கைப்பிடியின் உட்புறத்தைக்கூடத் துடைத்துவைக்கிற மனிதர் அவர். நுரையீரலில் சளி கட்டி அவர் பக்கத்து நகரத்து மருத்துவமனையில் படுத்ததிலிருந்து, அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கவலைப்பட்டாள். பிஸ்டனுக்கு உட்கார்ந்து கவலைப்பட வராது. நின்றுகொண்டு, கையில் ஸ்பேனரோடு கவலைப்பட்டான். அப்பாவின் மூக்கிலிருந்து ஆக்ஸிஜன் குழாயை எடுத்தபோது, அவர் காருக்குப் புலி போல உறுமுகிற சைலன்சரும், தரையைக் கூட்டுகிற பம்பரும், போனட்டில் எதற்கென்று எவருக்கும் தெரியாத ஒரு துளையும் வந்திருந்தன. பின்கண்ணாடியில் 'டர்போ' என்று எழுதியிருந்தது. டர்போ எழுத்தில் மட்டும் இருந்தது.

பிஸ்டனுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பொறியாளன். அவனைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைப் பொறியாளர்கள் ஒரு மைதானத்தில் கூடுவார்கள். வண்டிகளை வரிசையாக நிறுத்தி, போனட்டுகளைத் தூக்கிவைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போனவர்களைப் போல எட்டிப்பார்ப்பார்கள். வண்டி ஓடுகிறதா என்று அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் கேட்டதில்லை. அது நாகரிகமில்லை.

இப்போது கேட்கவேண்டி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அப்பாவை வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நுரையீரல் இன்னும் பிஞ்சாக இருக்கிறது, வெயிலிலும் தூசியிலும் எங்கேயும் நிறுத்தாமல் நேராக வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றும் சொன்னார். டாக்ஸி வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொன்னதற்கு அப்பா வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார்.

"நம்ம வண்டியிலயே வர்றேன்மா. அதுல ஏறி உக்காந்தாத்தான் பொழச்சுட்டேன்னு எனக்கே தோணும்."

படுத்த நாளிலிருந்து அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. சைலன்சரைப் பற்றியும் பேசவில்லை. வழியில் வண்டி இப்படி நின்றால், லாரிகள் கிளப்புகிற புழுதியில் அப்பா நிற்கவேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குப் பயம். தம்பிக்கும் பயம்தான், அவன் அதை வரலாறாக மாற்றிச் சொன்னான், அவ்வளவுதான்.

ஊர் மெக்கானிக் தன் ஷெட்டிலிருந்த மற்ற வண்டிகளையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு இதை உள்ளே எடுத்துக்கொண்டார். எண்ணெய் ஊறிக் கறுத்த தரை, சுவரில் ஆணி ஆணியாகத் தொங்கும் பெல்ட்டுகள், உட்காருவதற்கு இரண்டு பழைய டயர். மெக்கானிக்குக்கும் தன்மதிப்புக் குறைவில்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடினால், அவர் சொல்லும்வரை யாரும் மூச்சுவிடக் கூடாது. நெடுநேரம் கேட்டுவிட்டு, "உள்ள ஏதோ இருக்கு" என்றார்.

அக்காவின் கணவர், கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர், சாக்குக்கட்டியைத் தானே கொண்டுவந்திருந்தார். ஷெட் சுவரில் ஓர் என்ஜினை வரைந்து, அம்புக்குறிகள் போட்டு, வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும் என்று நிறுவினார். அதற்கு யாரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

குழப்பம் என்னவென்றால், ஷெட்டில் நிற்கும்போது வண்டிக்கு ஒரு நோயும் இல்லை. ஸ்டார்ட் செய்து விட்டால், சூடு காட்டும் முள் நடுவில் சமர்த்தாக நின்றது. சாலையில் ஏறி, பாலத்தைத் தாண்டியதும் கிடுகிடுவென்று சிவப்புக்குப் போனது. திரும்பவும் கொண்டுவந்து நிறுத்தினால் மெல்ல இறங்கியது. டாக்டரைக் கண்டதும் இருமல் நின்றுபோகிற பிள்ளை மாதிரி. மெக்கானிக் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டை மாற்றினார். என்ஜின் தண்ணீரை ஆறவைக்கிற ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். தண்ணீரில் குமிழி வருகிறதா, எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்தார். பம்ப்பைத் தட்டிப்பார்த்தார். ஒவ்வொன்றும் நன்றாக இருந்தது. எல்லாம் சேர்ந்து கொதித்தது.

வியாழக்கிழமை மதியம் அக்கா சோறு கொண்டுவந்தாள். மூன்று ஆண்களும் திறந்த போனட்டுக்குள் தலையை நுழைத்துப் பின்பக்கத்தை உலகுக்குக் காட்டிக்கொண்டு நின்றார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இடமில்லாததால் அவள் வண்டிக்கு முன்னால், பம்பரை ஒட்டி நின்று, தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

"இங்க ஏன் இப்படி அனல் அடிக்குது?"

"என்ஜின்னா அனல் அடிக்கத்தான் செய்யும்" என்றார் அவள் கணவர், தலையை எடுக்காமல்.

"அது தெரியுதுங்க. எம்மேல ஏன் அடிக்குதுங்கறேன். புடவை பறக்குது பாருங்க."

மெக்கானிக் நிமிர்ந்தார். அழுக்குத் துணியை உதறி, வண்டியின் முகப்புக் கிரில்லுக்கு முன்னால் பிடித்தார். காற்றை உள்ளே இழுக்கிற ஃபேன் என்றால் துணி கிரில்லில் போய் ஒட்டவேண்டும். துணி அக்காவின் பக்கம் பறந்தது. அவர் பிஸ்டனைப் பார்த்தார்.

"தம்பி, இந்த ஃபேன நீங்கதான மாட்டுனீங்க?"

"ஆமா மாஸ்டர். புதுசு. பழசு அசிங்கமா இருந்துச்சு."

"எந்தப் பக்கமா மாட்டுனீங்க?"

ஃபேனுக்கு ஒரு பக்கம் சிவப்பு இறக்கைகள், நடுவில் பொன்னிற எழுத்து. மறுபக்கம் வெறும் கறுப்பு மோட்டார். இருக்கவேண்டிய முறையில் மாட்டினால் அழகான பக்கம் ரேடியேட்டரை முட்டிக்கொண்டு நிற்கும். போனட்டைத் தூக்குகிறவர்கள் கறுப்பு மோட்டாரைத்தான் பார்க்கவேண்டும். ஆகவே அவன் அதைத் திருப்பி மாட்டியிருந்தான். மைதானத்தில் எல்லோரும் பாராட்டினார்கள்.

வண்டி நிற்கும்போது ஃபேன் காற்றை முன்னோக்கித் தள்ளியது. ஏதோ ஒரு காற்று, ரேடியேட்டர் சமாளித்துக்கொண்டது. வண்டி ஓடும்போது சாலைக் காற்று உள்ளே வரப்பார்த்தது, ஃபேன் அதை வாசலிலேயே நிறுத்தி வெளியே போகச் சொன்னது. இரண்டும் மல்லுக்கட்டியதில் ரேடியேட்டருக்கு எந்தக் காற்றும் கிடைக்கவில்லை.

அக்கா திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் மெக்கானிக் முந்திக்கொண்டார்.

"திட்டாதீங்கம்மா. முந்தாநாள்லேருந்து நானும் அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். 'ஃபேன் அம்சமா இருக்கு தம்பி'ன்னு நானே ரெண்டு தரம் சொன்னேன்."

அக்காவின் கணவர் சத்தமில்லாமல் போய்ச் சுவரிலிருந்த அம்புக்குறிகளை உள்ளங்கையால் அழித்தார்.

ஃபேனைச் சரியான பக்கமாக மாட்டி முடித்தபோது சோறு இன்னும் சூடாகத்தான் இருந்தது. பிறகு நால்வரும் ஏறிப் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். எல்லோரும் முள்ளைப் பார்த்தார்கள். முள் நடுவை விட்டு அசையவில்லை. பிஸ்டன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். நன்றி சொல்ல நாகரிகத்தின் வரலாற்றில் ஏதாவது வாக்கியம் இருந்திருக்கும், அவனுக்கு வரவில்லை. மெக்கானிக்கின் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தான். "சரி, சரி, விடுங்க" என்று மெக்கானிக்தான் கூச்சப்பட்டார். அக்கா தம்பியின் முதுகைத் தட்டினாள், கொஞ்சம் ஓங்கியே.

வெள்ளிக்கிழமை, எதற்கும் இருக்கட்டும் என்று, அக்காவின் கணவர் தன் காரில் மெக்கானிக்கையும் தண்ணீர் கேன்களையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார். மருத்துவமனை வாசலில் அப்பா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் நின்ற வண்டியைத் தாண்டி எட்டிப்பார்த்தார்.

"நம்ம வண்டி எங்கடா?"

"இதான்ப்பா."

அப்பா அதை பம்பரிலிருந்து பின்கண்ணாடிவரை ஒருமுறை பார்த்தார். பிஸ்டன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "நீங்க உள்ள இருந்தப்ப எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலப்பா" என்றான்.

அப்பா அவன் தோளைப் பிடித்து எழுந்தார். முன்சீட்டு பந்தயக்காரர்கள் உட்காருகிற மாதிரி, தரையோடு தரையாகக் குழிந்து கிடந்தது. அவர் அதற்குள் மெல்ல இறங்கினார்.

வழி முழுக்க அவர் பார்த்தது வெளியே அல்ல, அந்த முள்ளைத்தான், பழைய பழக்கம். வயல்களும் கிடங்குகளும் போயின. கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்ததால் உள்ளே ஒரு தூசி இல்லை. பாதி தூரத்தில் அப்பா கையை நீட்டி டேஷ்போர்டைத் தடவினார்.

"சூடே ஏறலையேடா. எஞ்சின நல்லா வெச்சிருக்கே."

பின்சீட்டில் அக்கா வாயைத் திறக்கவில்லை. அந்த உபகாரத்தைப் பிஸ்டன் கண்ணாடியில் பார்த்துத் தலையசைத்து ஏற்றுக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. சாலை சரியாகத் தெரிவதற்காக வேகத்தைக் குறைத்தான்.

ஓர் இடத்திலும் நிற்காமல் வீடு வந்தார்கள். அப்பாவால் அந்த சீட்டிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கைகொடுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் மெக்கானிக் அடியில் இருந்த போல்ட்டுகளைக் கழற்ற, அப்பாவை சீட்டோடு சேர்த்துத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோனார்கள்.