தனம் கட்சி ரியாக்ட்

"உன் பொண்ணோட ரியாக்ட்டுல என்னாடி இருக்குது? ஒண்ணொண்ணுத்துக்கும் வெளிய போய்த் தேடணுமாம். ஆங்குலர்னா எல்லாம் ஒரே இடத்துல. எங்க பிரசாத்து சொல்றான்!"

"எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டுனா கனம் ஜாஸ்தியா இருக்கும்க்கா. தூக்குறவனைக் கேட்டுப் பாருங்க!"

வேங்கிக்காலில் தண்ணீர் லாரி வந்து நின்றும், பிரசாத்தின் அம்மா அருணாதேவியும் தனமும் குடத்தை நீட்டவில்லை. இருவருக்கும் கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் அமுக்கினால் உயிர் வரும் என்று தெரியாது. ஆனால் வெப்சைட் கட்ட எந்தச் சாமான் உசத்தி என்று கேட்டால் தெருவே அதிரும்.

தனத்துக்கு மகள் கவிநிலா விளக்கிய பாடம் இதுதான். ஆங்குலர் என்பது கல்யாணத்தை மொத்தமாகக் காண்ட்ராக்ட் விடுவது போல. பந்தல், சமையல், மேளம் எல்லாம் ஒரே ஆள். ஆனால் அவர் போட்ட சட்டம்தான். ரியாக்ட்டில் சமையலுக்கு ஒருவர், மேளத்துக்கு ஒருவர் என்று நாமே பிடிக்க வேண்டும். தனம் தன் கல்யாணத்தில் காண்ட்ராக்டர் போட்ட ரசத்தை இன்னும் மன்னிக்கவில்லை. அன்றே ரியாக்ட் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

சண்டைக்குக் காரணம் செங்கம் ரோட்டு லாட்ஜ்காரர் அப்பாசாமி. ரூம் பதிவு செய்ய வெப்சைட் வேண்டும் என்று கவிநிலாவிடமும் சொன்னார், பிரசாத்திடமும் சொன்னார். "பௌர்ணமி சாயந்தரம் ரெண்டையும் என் போன்ல பாக்குறேன். எது தேறுதோ அதான்." வேலை கிடைத்தால் கவிநிலா மாடி அறையில் சொந்தமாக ஆபீஸ் போடுவாள். கிடைக்காவிட்டால் சென்னைக்குப் போய்க் கம்பெனியில் சேர்வதாக அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். தனத்துக்குப் பயம் அங்கேதான்.

போதாததற்குப் போன மாதக் கிரிவலத்தில் அந்தப் பெண் பண்ணிய கூத்து வேறு. பத்தடிக்கு ஒரு தரம் நின்று போனை வானத்துக்குக் காட்டினாள்.

"சாமி கும்பிட வந்தியா, டவரைக் கும்பிட வந்தியா?" என்று தனம் அதட்டியது பின்னால் வந்த கூட்டத்துக்கே கேட்டது.

பௌர்ணமியும் வந்தது. லாட்ஜ் வாசலில் ஜனம் வழிந்தது. பிரசாத்தின் வெப்சைட்டை அப்பாசாமி தட்டினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. வெளியே ஜனம் மலையைச் சுற்ற, உள்ளே அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"வீட்டு வைஃபைல பறந்துச்சு சார்," என்றான் பிரசாத். பௌர்ணமியன்று கூட்டத்தில் டவர் திணறி ஊரில் போன்கள் படுத்துவிடும் என்பது இங்கே தொட்டில் குழந்தைக்கும் தெரியும். இந்த ஊரிலேயே பிறந்தவனுக்கு மறந்துபோயிற்று.

கவிநிலாவுடையதைத் தட்டினார். கொஞ்சம் தயங்கித் திறந்தது. போட்டோ கிடையாது, பூ வேலை கிடையாது. எந்த ரூம் காலி, எவ்வளவு வாடகை, அவ்வளவுதான்.

"மொட்டையா இருக்குதே பாப்பா."

"பௌர்ணமிக்கு மட்டும்தான் சார் மொட்டை. நாளைக்கு டவர் சரியானதும் போட்டோ தானா வந்துடும்."

அப்பாசாமி சிரித்துவிட்டார். வேலை அவளுக்குத்தான்.

திரும்பும் ஆட்டோவில் தனத்துக்குத் தலை கூரையில் இடித்தது, அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "ரியாக்ட்டுன்னா சும்மாவா!"

"அதெல்லாம் இல்லம்மா. ஆங்குலர்லயும் இதைப் பண்ணலாம். அவன் கனமான போட்டோவா அடுக்கிட்டான். நான் போன மாசக் கிரிவலத்துலயே டவரை நடந்து பாத்துட்டேன்."

பெண் சொன்னதில் முதல் பாதியைத் தனம் ஆட்டோவிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். மறுநாள் தண்ணீர் லாரிச் சண்டையில் ரியாக்ட்டுதான் ஜெயித்தது.

பிரசாத் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். சில வருஷம் கழித்து அவனுக்குப் பிள்ளை பிறந்ததும், பேரனைப் பார்த்துக்கொள்ள அருணாதேவியும் அங்கேயே போய்ச் சேர்ந்தாள். கவிநிலா மாடி ஆபீஸை விட்டு நகரவே இல்லை. அவளைக் கட்டிக்கொண்ட போளூர் புகழேந்திதான் இங்கே குடிவந்தான். மாப்பிள்ளை எதில் வேலை செய்கிறார் என்று தெருவில் கேட்டால், தனம் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள்.

"ஆங்குலர். அது எல்லாருக்கும் வராதுங்க."