உள்ளே கரைந்த மதில்

காலையில் வந்து பார்த்தால் பாலத்தடி மதில் உள்வாங்கிக் கிடந்தது, பல் போனவன் கன்னம் மாதிரி.

மதில் என்றால் பெரிய மதில் இல்லை. என் கையால் ஒரு சாண் நீளம், நாலு விரல் உயரம், தெர்மாகோலில் செய்தது. கட்டைவிரல் உயரப் பொம்மைகளை மேசைமேல் நிறுத்திப் போர் விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் இல்லை, வேலைக்குப் போகிற ஆட்கள்தான். அந்தப் பொம்மைகள் ஒளியவும் ஏறவும் குதிக்கவும் ஓர் ஊர் வேண்டும். அந்த ஊரை நாங்கள் செய்து கொடுக்கிறோம். காளான் வீடு, நத்தைக் கூட்டுக்குள் ஒரு சத்திரம், தேநீர்க் கெண்டி வடிவத்தில் காவல் கோபுரம், மீசை வைத்த மரம். யாரும் குடிவராத ஊர் என்பதால் எதையும் எப்படியும் கட்டலாம்.

பட்டறையில் மூன்று பேர். முதலாளி சூட்டுக் கம்பியால் தெர்மாகோலை வெட்டிக் கொடுப்பார். சட்டைப் பையில் இரும்பு அளவுகோல் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. நான் அதில் கல் கல்லாகக் கோடு இழுப்பேன். பிறகு அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி ஒத்துவேன், கல்லில் சொரசொரப்பு வந்துவிடும். அடுத்தது வண்ணக்காரி. மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் ஒரு தூரிகை, கையில் ஒரு தூரிகை. அவள் பசையும் கறுப்புச் சாயமும் கலந்து ஒரு பூச்சு பூசிக் காயவைத்து என்னிடம் திருப்பித் தருவாள். நான் கதவு, ஏணி, பாசி எல்லாம் ஒட்டிக் கொடுப்பேன். கடைசியில் அவள் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் ஸ்ப்ரே அடிப்பாள்.

அந்தக் கறுப்புப் பூச்சில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்ப்ரே வெறும் தெர்மாகோலில் பட்டால் சர்க்கரையில் வெந்நீர் விட்ட மாதிரி தின்றுவிடும். பூச்சு அதற்குத் தோல். ஊசிமுனை அளவு தோல் விட்டுப்போனாலும் உள்ளே புகுந்துவிடும்.

அதனால் முதலாளி அன்றைக்கு முதலில் அவளைத்தான் கேட்டார்.

"பூச்சு சரியா போடலையா?"

"ரெண்டு கை போட்டிருக்கேன் சார். வேணும்னா மூணா போடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். சொன்னது அவருக்கு, பார்த்தது என்னை. எனக்கு அது பிடிக்கவில்லை.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருடம் கொத்தனாராக இருந்தவன் நான். முதுகுத்தண்டில் ஏதோ நழுவிவிட்டது, இனி ஒரு செங்கல்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே ஆயிரம் செங்கல் வைத்த கோபுரத்தை ஒரு கையால் தூக்கி அலமாரியில் வைக்கலாம். என் முக்காலி போனால் என்னை உட்காரவைத்து வேலை கொடுக்க வேறு இடம் கிடையாது. அது வண்ணக்காரிக்கும் தெரியும். அவள் புருஷனுக்கு நாலு மாதமாக வேலை இல்லை. "அவருக்குக் கை நல்லா வரும் சார், ஒரு முக்காலி போட்டா போதும்" என்று அவள் முதலாளியிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். பட்டறையில் நாலாவது முக்காலி போட இடமில்லை. அப்படியானால் எந்த முக்காலியைச் சொல்கிறாள்?

அப்போது எங்களுக்கு வந்திருந்தது பெரிய வேலை. ஒரு விளையாட்டுக் கழகம் தன் போட்டிக்காகக் குட்டிப் பூதங்களின் மலையூர் கேட்டிருந்தது. அதுவரை தனித்தனி வீடுதான் செய்வோம். இது நாலு அடுக்கு மலை. அடுக்குக்கு அடுக்கு தோட்டம், ஒவ்வொரு தோட்டத்தையும் தாங்க ஒரு மதில். பூசணி விளைகிற அடுக்கு, தவளைகள் துணி துவைக்கிற அடுக்கு என்று முதலாளி எதையோ வரைந்து வைத்திருந்தார். சனிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

முதலில் போன பாலத்தடி மதிலும் இந்த மலையூருடையதுதான். அடுத்த நாள் தவளை அடுக்கின் மதில் விழுந்தது. காளான் வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கெண்டிக் கோபுரம் அப்படியே நின்றது. கையகல வீட்டை விட்டுவிட்டுப் பெரிய வேலையாகப் பார்த்து விழுந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ரெண்டு கை பூசினேன் என்று சொல்லித் தப்பிவிட்டு, கொத்தனார் கோடு இழுத்த மதில் நிற்கவில்லை என்று பெயர் வரட்டும் என்று வேண்டுமென்றே பூச்சில் இடம் விடுகிறாள் என்று முடிவு கட்டினேன்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். நாற்பது வயதுக்கு மேல் கற்ற எழுத்து, ஒரு வரிக்கு ஒரு விரற்கடை உயரம் வரும். 'செவ்வாய். பூச்சு பூசும்போது மூன்று தடவை வெளியே போனாள். தவளை மதிலை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.' எதற்குப் போனாள், எதற்குத் திருப்பினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள்.

வீட்டுக்காரி நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"போன மாசம் பூனை மேல சந்தேகப்பட்டீங்க. அதுக்கு முன்னாடி கீழ் வீட்டுக்காரர், நம்ம குழாயைத் திறந்து விடறாருன்னு. இப்ப அந்தப் பொண்ணா?"

"பூனைதான் மீனைத் தின்னது."

"மீனைத் தின்னது நான். சொன்னா சண்டை வரும்னு விட்டேன்."

"அடிப்பாவி!"

"அதையும் நோட்டுல எழுதிக்குங்க."

சிரிப்பு அடங்கியதும், "அவளைக் கூப்பிட்டு நேரா கேட்டா என்ன?" என்றாள். பெண்ணுக்குப் பெண் பரிந்து பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.

வியாழக்கிழமை மூன்றாவது மதில் போனது. பூதராஜாவின் குளியல் தொட்டி இருந்த அடுக்கு. தொட்டி குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. அதைச் செய்ய எனக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. மத்தியானம் அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து நோட்டை முதலாளியிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார்.

"நீங்களா எழுதினீங்க?"

"ஆமா சார்."

"நாள், நேரம் எல்லாம் போட்டு..." இன்னொரு தடவை படித்தார். "வேடிக்கையா இருக்கு. அவங்களும் உங்களைப் பத்தி ஒண்ணு சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

"வாயால சொன்னாங்க. ஆள் ஆளைச் சொல்றதுதானேன்னு விட்டுட்டேன். நீங்க எழுதியே வச்சிருக்கீங்க." நோட்டை மூடினார். "நாளைக்குக் கடைசி அடுக்கு முடியட்டும். அதோட அவங்களை நின்னுக்கச் சொல்லிடறேன்."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை. என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பாள்? கை நடுங்குகிறது என்றா, கண் போய்விட்டது என்றா? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இதுதான் ஓடியது.

வெள்ளிக்கிழமை பூசணித் தோட்டம். பூச்சு காய்ந்து என் மேசைக்கு வந்தது. முதலாளி பெட்டி வாங்க வெளியே போயிருந்தார். நான் ஏணி ஒட்டினேன், படிக்கட்டு ஓரம் பாசி தூவினேன், குத்தூசியால் பசைப் பிசிறை வழித்தேன். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது, கண் வண்ணக்காரி மேலேயே இருந்தது. அவள் தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்து வந்து என் எதிரில் நின்றாள்.

"அண்ணே, கையில என்ன?"

"பார்த்தா தெரியலையா? குத்தூசி."

"அதை வச்சு என்ன பண்றீங்க?"

"என்ன பண்றேன்? பிசிறு எடுக்கறேன். நீ உன் வேலையைப் பாரேன்."

"பிசிறு எடுத்து முடிச்சு ரொம்ப நேரமாச்சு. கீழ பாருங்க."

பார்த்தேன். மதிலின் அடிவரிசையில் ஐந்து ஓட்டை. ஒரே மட்டத்தில், ஒரே இடைவெளியில், நூல் பிடித்த மாதிரி. ஆறாவது ஓட்டையில் ஊசி நின்றது. ஊசியைப் பிடித்திருந்தது என் கை.

"இது..." என்றேன். "இது தண்ணி போற ஓட்டை."

"எந்தத் தண்ணி?"

ஊசியை வெளியே இழுத்தேன்.

"எந்தத் தண்ணி, அண்ணே?"

மண்ணைத் தாங்குகிற மதிலுக்கு அடியில் ஓட்டை விட்டே ஆக வேண்டும். மழை பெய்தால் பின்னால் இருக்கிற மண் ஊறும், தண்ணீர் போக வழி இல்லாவிட்டால் மதில் ஒரு மழைக்கு வயிறு தள்ளும், அடுத்த மழைக்குச் சாயும். இருபத்தெட்டு வருடத்தில் ஓட்டை விடாமல் ஒரு தாங்குமதிலை நான் முடித்ததில்லை. இது என்னைக் கேட்டுச் செய்கிற காரியம் இல்லை. கோபுரத்துக்கும் காளான் வீட்டுக்கும் பின்னால் மண் கிடையாது, அதனால் கை சும்மா இருந்தது. மலை வந்தது, மண் வந்தது, கை வேலையைத் தொடங்கிவிட்டது. அதுவும் அவள் தோல் போர்த்தி முடித்த பிறகு.

"செவ்வாய்க்கிழமைதான் பார்த்தேன்" என்றாள் அவள். "வேணும்னே குத்தறீங்கன்னு நினைச்சேன். என்னை மாட்டிவிடறதுக்கு. சார்கிட்ட சொன்னேன், அவர் நம்பலை. இன்னிக்குக் காலையில நாளையிலேர்ந்து வர வேணாம்னுட்டார். ஏதோ நோட்டுல எல்லாம் எழுதியிருக்காம்."

நான் ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இப்ப பசையை வச்சு இந்த ஆறையும் அடைச்சுட்டீங்கன்னா ஒருத்தருக்கும் தெரியாது. நான் போயிடுவேன். நீங்களும் இனிமே குத்த மாட்டீங்க. எந்த மதிலும் விழாது. 'அவ போனதும் எல்லாம் சரியாச்சு'ன்னு சார் சொல்வார். நல்லா பொருந்தி வரும்ல?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். பசைக் கிண்ணம் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. உண்மையைச் சொன்னால் என் முக்காலி என்ன ஆகும் என்று நினைக்காமல் இல்லை. நன்றாகவே நினைத்தேன். கொஞ்ச நேரம் நினைத்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

முதலாளி பெட்டிகளோடு வந்தார். நான் பூசணி அடுக்கை எடுத்துக்கொண்டு, "சார், மாடிக்கு வாங்க" என்றேன்.

"ஏன்? என்ன ஆச்சு?" எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கீங்களா?"

மாடியில் ஓட்டைகளைக் காட்டிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேலை போகப் போவுதுன்னு அழுதாங்களா? பாவம் பார்த்து இப்படிச் சொல்றீங்களா?" என்றார். நோட்டில் எழுதியதை ஒரே மூச்சில் நம்பியவருக்கு, வாயால் சொன்னது ஏறவில்லை. நானே டப்பாவை எடுத்து மதில் மேல் அடித்தேன். ஸ்ப்ரே அடித்து எனக்குப் பழக்கமில்லை, பாதி என் சட்டையில் விழுந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஓட்டை விளிம்பெல்லாம் பளபளத்தது. எறும்பு ஊர்கிற மாதிரி மெல்லிய சத்தம் உள்ளே கேட்டது. நடு மதில் தளர்ந்து உள்ளே போனது. பூசணிகள் வரிசையாகச் சாய்ந்தன.

முதலாளி அளவுகோலை எடுத்தார், எதையும் அளக்காமல் மறுபடி பையில் வைத்தார்.

"இப்படி எத்தனை?"

"மூணு. இதோட நாலு."

"இதையும் பாழாக்கித்தான் காட்டணுமா?"

"நம்பியிருக்க மாட்டீங்க சார்" என்றாள் வண்ணக்காரி.

மூன்று பேருமாக உட்கார்ந்து விழுந்த நாலு மதிலையும் திரும்பச் செய்தோம். சனிக்கிழமை மலையூர் போய்ச் சேர்ந்தது. அவளை நிறுத்தவில்லை. என்னையும் நிறுத்தவில்லை. ஆனால் பூச்சு பூசிய எதுவும் இனி என் மேசைக்குத் திரும்பி வராது என்று முதலாளி சொல்லிவிட்டார். கல் கோடு இழுப்பதோடு என் வேலை சரி, அதுவும் அரை நாள்தான். கதவு, ஏணி, பாசி எல்லாம் இனி வண்ணக்காரியின் புருஷனுக்கு. அலமாரியைச் சுவரோரம் தள்ளினார், நாலாவது முக்காலிக்கு இடம் வந்துவிட்டது.

வீட்டில் சொன்னேன். சொல்லிவிட்டு, "செவ்வாய்க்கிழமையே பார்த்தவ, வெள்ளிக்கிழமை வரைக்கும் என்கிட்ட ஏன் கேக்கலை? அதுல ஏதோ இருக்கு" என்றேன். வீட்டுக்காரி கரண்டியோடு திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

திங்கட்கிழமை வண்ணக்காரியின் புருஷன் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். கை நன்றாகத்தான் வரும் போலிருந்தது. முதல் வேலையாக ஒரு காளான் வீட்டுக்கு விளக்கு ஒட்டினார். பசை அதிகம். கம்பத்தில் வழிந்து வாசற்படிக்கு இறங்கியது. காய்ந்தால் கண்ணாடி மாதிரி மின்னும், அதன்மேல் வண்ணம் நிற்காது. அவர் பார்க்கவில்லை. முதலாளி உள்ளே இருந்தார். வண்ணக்காரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை" என்றேன். "பசை வழியுது. இப்பவே துடைச்சிடுங்க."

அவர் திடுக்கிட்டுத் துணியை எடுத்தார். அவர் துடைத்து முடித்த பிறகும் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.