கறுப்பு முடிச்சுகள்

எல்லம்மா பாட்டிலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, சிறு இரும்புக் கம்பியால் தட்டினாள். கணீரென்றது. அடுத்ததைத் தட்டினாள். ஓசை அமுங்கியது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் அவள் காதுக்குத் தெரியும். அந்தப் பாட்டிலைப் பக்கத்துத் தொட்டியில் எறிந்தாள். தொட்டி நிறைந்ததும் உலைக்குப் போகும். உடைந்த கண்ணாடியைக் கலந்தால்தான் புதுக் கண்ணாடி சீக்கிரம் உருகும்.

வருகைப் பதிவு எழுதும் டைம் ஆபீஸ் குமாஸ்தா செங்கல்வராயன் கையில் ஒரு சீட்டோடு வந்து நின்றான்.

"எல்லம்மாக்கா, கொஞ்சம் ஆபீசுக்கு வா."

எதிர்வரிசையில் இருந்த ரத்னா நிமிர்ந்தாள். "இன்னா சார், அக்காவுக்கும் பிரேக்கா? போன மாசம் எனக்கு உட்டீங்க. ஒரு வாரம் ஊட்ல குந்திக்கினு மாமியா மூஞ்சியப் பார்த்தேன். இப்ப நான் புது ஆளு. தட்றது எப்படின்னு கத்துக் குடு அக்கா."

பெண்கள் சிரித்தார்கள். எல்லம்மா கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

கவரைப்பேட்டைக்கு அருகில் இருந்த அந்தக் கண்ணாடித் தொழிற்சாலையில் எழுத்தறியாதவர்களுக்கும் தெரிந்த ஆங்கில வார்த்தை, பிரேக். பாட்டில் நொறுங்கினால் பிரேக்கேஜ். இயந்திரம் நின்றால் பிரேக்டவுன். டீ குடிக்கப் பத்து நிமிடம் பிரேக். இருநூற்று நாற்பது நாள் தொடர்ந்து வேலை செய்த ஆளைச் சட்டப்படி எளிதில் அனுப்பிவிட முடியாது. அதனால் அந்த நாள் நெருங்கும்போது ஒரு வாரம் வெளியே நிறுத்தி, பிறகு முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். அதுவும் பிரேக்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் செங்கல்வராயன் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆட்களுக்குக் கொடுக்கும் பிரேக் நோட்டீசை ஆங்கிலத்திலிருந்து தமிழில் எழுதச் சொன்னார்கள். திருவள்ளூர் நூலகத்தில் அகராதியைப் புரட்டினான். அந்த ஒரு வார்த்தைக்குப் பொருள் ஒரு பக்கத்துக்கு மேல் இருந்தது. தமிழில் கண்ணாடி உடையும், கிளை முறியும், கயிறு அறும், வாக்குத் தவறும், பொழுது புலரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருந்தது. ஒருத்தியின் பத்து மாத உழைப்புக்கு எதைப் போடுவது? 'பணியில் சிறு இடைவெளி' என்று எழுதிக் கொடுத்தான். நல்ல தமிழ் என்று பாராட்டினார்கள்.

ஆபீசில் சீட்டை மேசைமேல் வைத்து மைப்பெட்டியைத் திறந்தான்.

"நாளையிலேருந்து ஒரு வாரம். இங்க ரேகை வெச்சிடு."

"எத்தினி நாளு ஆச்சு சார் எனக்கு?"

ஆட்களிடம் கணக்கைச் சொல்லக் கூடாது என்பது உத்தரவு. ஆனாலும் சொன்னான். "நேத்தோட இருநூத்தி இருபத்தொம்போது."

எல்லம்மா இடுப்பில் செருகியிருந்த சிறு துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே சுருட்டிய வெள்ளை நைலான் நூல். பழவேற்காட்டு ஏரியோரக் குப்பத்தில் அவள் புருஷன் தேசப்பன் வலை பின்னும் நூல். அதில் நெருக்கமாக முடிச்சுகள்.

"தெனம் ஊட்டுக்குப் போனதும் ஒண்ணு போடுவேன். வலைமுடிச்சு, அவுராது. நேத்தோட இருநூத்தி நாப்பதுன்னு சொல்லுது எங்க ஊட்டு ஆளு. எனக்கு அம்மாந்தூரம் எண்ண வராது. நீ எண்ணு நைனா."

எண்ணாமலே அவனுக்குப் புரிந்தது. ஐப்பசி மழையில் மோட்டார் எரிந்து பதினொரு நாள் பிரேக்டவுன். உற்பத்தி இல்லை, ஆகவே வருகைப் பதிவும் இல்லை என்றார்கள். ஆனால் இயந்திரத்தில் படிந்த கரியையும் எண்ணெயையும் சுரண்ட எல்லம்மாவை மட்டும் வரச் சொன்னார்கள். தினமும் காலையில் குடை பிடித்துக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டவன் அவன்தான். அவள் பெயரை எங்கும் எழுதவில்லை. எழுதச் சொல்லவில்லை.

"மோட்டாரு எரிஞ்ச நாளெல்லாம் பிரேக்டவுன்க்கா. அது சேராது."

"மிஷினுதான் நின்னுச்சு. நான் நின்னேனா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "நீ பார்த்தியா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

உள்ளறையிலிருந்து ஆள் விவகாரங்களைக் கவனிக்கும் பெர்சனெல் ஆபீசர் அருணாச்சலம் கூப்பிட்டார். "செங்கல்வராயன், ரேகை வாங்கியாச்சா? அஞ்சு மணிக்குள்ள ஃபைல் என் டேபிளுக்கு வரணும்."

அந்த மேசையில் இன்னொரு ஃபைலும் இருந்தது. செங்கல்வராயனை நிரந்தரமாக்கும் காகிதம். இரண்டு மாதமாக அவருடைய ஒரு கையெழுத்துக்குக் காத்திருந்தது.

அவன் மைப்பெட்டியைப் பார்த்தான். எல்லம்மாவின் கட்டைவிரலில் கண்ணாடி கீறிய பழைய வெட்டுகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. அவள் கையை நீட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. வெளியே தொட்டியை உலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே சில்லுகள் குலுங்கின.

நூலை எடுத்தான். ஒன்று, இரண்டு என்று விரலால் தள்ளிக்கொண்டே போனான். தை மாதம் போட்ட முடிச்சுகள் பழுத்து மஞ்சளாகியிருந்தன. நூறில் ஒருமுறை தப்பிப்போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். எல்லம்மா பொறுமையாக அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னுமா வாங்கல?" அருணாச்சலத்தின் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"எண்ணிக்கினு இருக்கேன் சார்."

"என்னத்த?"

இருநூற்றுப் பன்னிரண்டு. இருநூற்றுப் பதின்மூன்று. காலடிகள் கதவுவரை வந்து நின்றன. செங்கல்வராயன் தலையைத் தூக்கவில்லை. இருநூற்றுப் பதினான்கு. விரல் அடுத்த முடிச்சுக்கு நகர்ந்தது. அது கறுப்பாக இருந்தது. அதற்கடுத்ததும். எண்ணெயும் கரியும் நூலுக்குள் ஊறி, வரிசையாகப் பதினொன்று.

அவன் கட்டைவிரல் நுனியில் அந்தக் கறுப்பு ஒட்டிக்கொண்டது.