சில்லென்ற தரை

குழாயைத் திறந்தால் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. கிறிஸ்மஸுக்கு வீடு நிறைய ஆட்கள் வரப்போகிறார்கள், குளிக்கக்கூடத் தண்ணீர் இல்லையென்றால் என் மானம் கப்பலேறிவிடும் என்று கத்தி, பிளம்பர் கனகராஜை செமோரிலிருந்து வரவழைத்தது நான்தான். என் வீட்டுக்காரர் மத்தியாஸ் அசையவில்லை. எங்கள் படுக்கையறையில், சன்னலோரக் கட்டிலில் படுத்தபடியே, "ஒண்ணும் ஒடைக்க வேணாம்லா. நான் போட்ட ஜாயிண்ட்டு, கல்லு மாரி இருக்கும்" என்று சட்டம் பேசினார்.

அந்த ஜாயிண்ட்டின் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். ஈப்போவில் இந்த வீட்டை வாங்கியபோது தரைக்கடியில் பழைய இரும்புக் குழாய்தான் ஓடியது. சுடுதண்ணீர் ஹீட்டர் வைத்த சமயம் இவர் எங்கள் படுக்கையறை வாசலருகே அதை அறுத்து, செம்புக் குழாயை நேராக அதிலேயே முடுக்கி, சிமெண்டு போட்டு மூடினார். செம்பும் இரும்பும் ஒன்றையொன்று தொடக்கூடாது, நடுவில் வேறொரு இணைப்பு வேண்டும் என்று சாமான் கடை முதலாளி, அந்தத் தவுக்கே, படித்துப் படித்துச் சொன்னாராம். "எல்லாம் பைப்புதானே" என்று இவர் வந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த அறை குளிர ஆரம்பித்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே தரை சில்லென்றிருக்கும். வருகிற விருந்தாளிகள் ஏசி கூட வேண்டாம் என்று அங்கேதான் பாய் போடுவார்கள். ஃபாதர் வந்து வீடு மந்திரித்த பலன் என்று நான் கோயில் முழுக்கப் பெருமையடித்தேன். புத்தி கெட்டவள்!

கனகராஜ் மெயின் குழாயை அடைத்துவிட்டு, அறை வாசலை ஒட்டிய டைலைப் பெயர்த்தான். ஜாயிண்ட் கையோடு வந்தது. செம்பு புதுசு போலப் பளபளத்தது. இரும்பின் மரை இருந்த இடத்தில் வெறும் துருச்சேறு.

"செம்பு இரும்ப தின்னுருச்சுக்கா. எத்தன வருசமா தண்ணி உள்ளுக்கே போவுதோ" என்றான்.

எங்கே போகிறது என்று பார்க்க ஒரு கம்பியால் மண்ணைக் குத்தினான். கம்பி அவன் கையை விட்டு உருவிக்கொண்டு போயிற்று. கொஞ்சம் பொறுத்து, கீழே எங்கோ 'தொபுக்' என்றது.

டார்ச்சு அடித்துப் பார்த்தோம். அறைக்கு அடியில் மண்ணே இல்லை. டைலும் மெல்லிய சிமெண்டும்தான், அதற்குக் கீழே சில்லென்ற இருட்டு. ஈப்போவுக்கு அடியில் சுண்ணாம்புக்கல், அதில் பொந்து பொந்தாக இருக்கும் என்று இங்கே யாருக்குத் தெரியாது? கசிந்த தண்ணீர் மண்ணையெல்லாம் கரைத்து அந்தப் பொந்துக்குள் அனுப்பிவிட்டது. அதன் மேல்தான் நாங்கள் தூங்கி எழுந்திருக்கிறோம். அதன் மேல்தான் இந்தக் கனத்த மனுஷன் இப்போது எழுந்து உட்காருகிறார்.

"அசையாதீங்க!" என்று அலறினேன்.

"என்னாடி?"

"அண்ணே, தரைக்கு அடியில ஒண்ணுமே இல்லண்ணே." கனகராஜின் குரல் கீச்சிட்டது. "கீழ கால வைக்காதீங்க. பொம்பாவ கூப்புடுறேன்."

பொம்பாக்காரர்களின் தீயணைப்பு வண்டி வருகிற வரைக்கும் தரை பொறுக்கவில்லை. கட்டிலருகே ஒரு டைல் படாரென்று வெடித்தது. சன்னலில் திருடனுக்குப் பயந்து போட்ட இரும்புக் கம்பி. வாசல் ஒன்றுதான் வழி. கனகராஜ் ஸ்டோர் ரூமின் பலகைக் கதவைக் கழற்றி, பாலம் மாதிரி கட்டில்வரை தள்ளினான். மத்தியாஸ் அதன் மேல் குப்புறப் படுத்து ஊர்ந்தார். பாதி வழியில் கதவு முனகிக்கொண்டு தாழ்ந்தது. அவர் ஊர்வதை நிறுத்திவிட்டார். அந்த முகத்தில் பயத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"பெட்ரீசியா… என்னால முடியாது."

திட்டுவதற்கென்றே பிறந்த என் நாக்கில் ஜெபம்தான் வந்தது. மாதாவே, இந்த மனுஷனை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு.

"என்னயே பாருங்க. வாங்க ராசா, வாங்க."

கை எட்டியது. நானும் கனகராஜும் இழுத்த இழுப்பில் மூன்று பேரும் ஹாலில் வந்து விழுந்தோம். அவர் என் மணிக்கட்டை விடவில்லை. நான் ஓவென்று அழுதேன்.

உள்ளே கட்டிலின் ஒரு கால் டைலோடு இறங்கியது. மெத்தையில் அவர் படுத்திருந்த பள்ளம் இன்னும் நிமிரவில்லை. தலையணை மட்டும் மெதுவாகச் சரிய ஆரம்பித்தது.